பெயரும் உருவும்: போருக்குப் பிந்திய குண்டுவீச்சு விமானங்களின் வகையறிதலும் பராமரிப்பும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரண்டாண்டுகள் கழிந்தபின், 1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 3ஆம் திகதி, மொஸ்கோ நகரின் தூஷினோ விமானத் தளத்திற் சோவியத் விமானப் படையின் அணிவகுப்பொன்று நடைபெற்றது. அழைக்கப்பட்டிருந்த மேனாட்டு இராணுவ அதிகாரிகள் முதலில் நான்கு எஞ்சின்களையுடைய மூன்று பெரிய விமானங்களைக் கண்டனர். அவற்றின் தோற்றம் அவர்களுக்குப் பழக்கமானது. அது அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானத்தின் தோற்றமாகும். 1944இல் யப்பானியப் போர்முனைக்குச் சென்று தளந்திரும்ப முடியாத நிலையில் விளாடிவொஸ்தொக் பகுதியில் இறங்கிய மூன்று பி-29 விமானங்களைச் சோவியத் அரசு திருப்பிக் கொடுக்காது வைத்துக்கொண்டமை அவர்கள் அறிந்ததே. எனவே மேலே பறந்தவை அம்மூன்றுமே என்று கருதுவதற்கு இடமிருந்தது. ஆனால் அவற்றைத் தொடர்ந்து, அதே இறக்கைகளும் எஞ்சின்களும் கொண்டு, பிரயாணிகளுக்கென அமைந்த உடற்பகுதியுடன், நான்காவது விமானமொன்று வந்தது. மூன்று விமானங்களைக் கைப்பற்றிய நாட்டிடம் நான்காவது எங்ஙனம் வந்தது? அந்நாடு பி-29ஐத் தானே கட்டத் தொடங்கிவிட்டது என்பதே அதன் விடையாகும்.

ஒரு விமானத்தைப் பார்த்து அதன் வகையை அறிதல் சிறுவரின் பொழுதுபோக்காகவும் ஆர்வலரின் சேகரிப்புக் கலையாகவும் பொதுவாகக் கருதப்படுகின்றது. போருக்குப் பிந்திய நாற்பதாண்டுக் காலத்தில் அது அவ்வளவில் அமையவில்லை. பேரரசுகளின் வரவுசெலவுத் திட்டங்களும் அணுவாயுத உடன்படிக்கைகளும் அவ்வறிவிலேயே தங்கியிருந்தன. அதே வேளையில், விமானத்தைப் பழுதுபார்த்துப் பறக்கவைக்கும் தரைத் தொழிலாளருக்கும் வகையறிதல் உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. ஒவ்வொரு பழுதுபார்ப்பும் விமானத்தின் உருவையோ உள்ளமைப்பையோ மாற்றியது. அம்மாற்றத்தை வெளியிலிருந்து பார்ப்பவன் சில வேளைகளிற் கண்டான். பல வேளைகளிற் காணவில்லை. இவ்விரு பார்வைகளுக்கும் இடைப்பட்ட தூரமே இக்கட்டுரையின் பொருளாகும்.

பிரதியும் மூலமும்

சோவியத் ஒன்றியத்திற் கட்டப்பட்ட பி-29இன் பிரதி, துப்பொலெவ் வடிவமைப்புக் குழுவின் பெயரால் தூ-4 எனப்பட்டது. கைப்பற்றிய விமானங்களுள் ஒன்று முழுவதும் பிரிக்கப்பட்டு, அதன் உறுப்புக்கள் ஒவ்வொன்றும் அளக்கப்பட்டன. மூலத்தை விட்டு விலகலாகாது என்பது ஸ்டாலினின் கட்டளை. ஆயினும் முழுமையான பிரதி என்பது இயலாத காரியமென்பதைத் தொழிற்சாலைகள் விரைவிலேயே உணர்ந்தன. அமெரிக்க விமானத்தின் உலோகத் தகடுகள் அங்குல அளவையில் அமைந்தவை. மெற்றிக் அளவையைப் பின்பற்றிய சோவியத் ஆலைகளில் அதே தடிப்புள்ள தகடுகள் இல்லை. எனவே சில இடங்களிற் சற்றுத் தடித்த தகடும் சில இடங்களிற் சற்று மெல்லிய தகடும் இடவேண்டியதாயிற்று. எஞ்சின்கள் சோவியத் நாட்டின் ஷ்வெட்சொவ் குழுவினருடையவை. அமெரிக்க விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பதிலாகப் பெரிய பீரங்கிகள் பொருத்தப்பட்டன. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு ஒன்றாகத் தோன்றிய இரு விமானங்களுக்கும் உதிரிப்பாகங்களிற் பல பொதுவாக இருக்கவில்லை. இத்தகைய தூ-4 விமானங்கள் 847 கட்டப்பட்டன.

மேற்கு நாடுகள் தாம் காணும் சோவியத் விமானங்களின் உண்மைப் பெயர்களை அறியாதிருந்தமையால், அவற்றுக்குத் தாமே பெயரிடும் முறையொன்றை வகுத்தன. குண்டுவீச்சு விமானங்களின் பெயர் ஆங்கிலத்தின் ‘பி’ எழுத்திலே தொடங்கவேண்டும். விசிறியாற் செல்வதாயின் பெயர் ஓரசையாகவும், ஜெற் விமானமாயின் ஈரசையாகவும் இருத்தல் வேண்டும். இவ்விதிப்படி தூ-4 ‘புல்’ எனவும், தூ-95 ‘பெயார்’ எனவும், ஜெற் விமானங்களான தூ-16, எம்-4 என்பன முறையே ‘பட்ஜர்’, ‘பைசன்’ எனவும் வழங்கின. பெயரைக் கேட்ட மாத்திரத்தே விமானத்தின் தொழிலும் இயங்குவிசையும் விளங்கும்படி அமைந்த இம்முறை, யாப்பிலக்கணம் அறிந்தோர்க்குச் சுவை பயக்கக்கூடியது. ஆனால் இப்பெயர்கள் பார்வையின் விளைவுகளே. விமானத்தின் உள்ளே இருப்பது யாது, அது எத்தனை கட்டப்பட்டது என்ற வினாக்களுக்கு அவை விடை தரவில்லை.

எண்ணிக்கையில் நேர்ந்த பிழை

அவ்வினாக்களுள் இரண்டாவது 1955இற் பெரும் அரசியற் பிரச்சினையாயிற்று. அவ்வாண்டு யூலை மாதத்தில் தூஷினோ வானில் ‘பைசன்’ விமானங்கள் அணியணியாகப் பறந்தன. முதலிற் பத்து விமானங்கள் பார்வையாளரைக் கடந்து சென்று, கண்ணுக்கு மறைந்த இடத்தில் வட்டமிட்டுத் திரும்பி, வேறு எட்டு விமானங்களுடன் மீண்டும் தோன்றின என வரலாற்றாசிரியர் பலர் எழுதுவர். கீழே நின்றோர் கணக்கிலே பதினெட்டு விமானங்கள் இருபத்தெட்டாயின. வகையை அவர்கள் சரியாகவே அறிந்தனர். தனித்தனி விமானங்களை வேறுபிரித்தறிய அவர்களால் இயலவில்லை. ஒரே வகையைச் சேர்ந்த இரு விமானங்களை வேறுபடுத்துவன அவற்றின் தொடரிலக்கமும் சிறு மாற்றங்களுமே. விரைந்து பறக்கும் விமானத்தில் அவற்றைக் காண்டல் அரிது.

இக்காட்சியும் இது போன்ற பிற சான்றுகளும் சேர்ந்து, சோவியத் ஒன்றியம் சில ஆண்டுகளிற் பல நூறு தொலைதூரக் குண்டுவீச்சு விமானங்களை உடையதாகும் என்ற மதிப்பீட்டை அமெரிக்காவில் உருவாக்கின. ‘குண்டுவீச்சு விமான இடைவெளி’ எனப்பட்ட இவ்வச்சத்தின் பேரில் அமெரிக்கக் காங்கிரஸ் விமானப் படைக்கு மேலதிக நிதியை ஒதுக்கியது. 1956 யூலையில் யூ-2 வேவு விமானங்கள் சோவியத் நிலப்பரப்பின்மேற் பறந்து எடுத்த படங்களில், எதிர்பார்க்கப்பட்ட தொகையான ‘பைசன்’ விமானங்கள் காணப்படவில்லை. சோவியத் ஒன்றியம் தன் முயற்சியை ஏவுகணைகளின்பாற் செலுத்தியது. இதற்கிடையில் அமெரிக்காவிலோ பி-47 விமானங்கள் இரண்டாயிரத்துக்கு மேலாகவும், பி-52 விமானங்கள் 744 ஆகவும் கட்டப்பட்டன. இடைவெளி உண்மையில் இருந்தது. அது அமெரிக்காவுக்குச் சாதகமாக இருந்தது.

எழுத்துக்களின் வரலாறு

1952 ஏப்ரலில் முதன்முறை பறந்த பி-52 விமானம், 1955இற் சேவைக்கு வந்து, 1962 வரை சியாற்றில், விச்சிற்றா என்னும் இரு நகரங்களிலுள்ள போயிங் ஆலைகளிற் கட்டப்பட்டது. அதன் வகைகள் ஏ முதல் எச் வரையான எட்டு எழுத்துக்களாற் குறிக்கப்பட்டன. இவற்றுள் ஏ முதல் எப் வரையானவை உயர்ந்த வாற்செட்டையை உடையன. ஜி, எச் ஆகிய இறுதி வகைகளில் அச்செட்டை ஏறத்தாழ எட்டு அடி குறைக்கப்பட்டது. ஜி வகையிலேயே வாலிலிருந்த துப்பாக்கி வீரன் முன்னறைக்கு மாற்றப்பட்டான். எச் வகையின் புதிய எஞ்சின்கள் முன்புறம் அகன்ற வாயை உடையன. ஆகவே வாலைப் பார்த்து முற்பட்டவற்றையும் பிற்பட்டவற்றையும் பிரிக்கலாம். எஞ்சினைப் பார்த்து ஜியையும் எச்சையும் பிரிக்கலாம். பார்வையாளனுக்குரிய இலக்கணம் இவ்வளவே.

தரைப் பொறியாளனின் இலக்கணம் இதனினும் நுட்பமானது. டி, ஈ வகைகள் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ ஒன்றே. அவற்றுள் அமைந்த வழிகாட்டும் கருவிகளும் குண்டுவீசுங் கருவிகளுமே வேறு. ஒன்றுக்குரிய கருவி மற்றொன்றுக்குப் பயன்படாது. எப் வகையில் ஒவ்வோர் இணை எஞ்சினின் இடப்புற எஞ்சினுறையிலும் ஒரு புடைப்பு உண்டு. அதன் காரணம் பராமரிப்பு வரலாற்றோடு தொடர்புடையது. முந்திய வகைகளில் மின்பிறப்பாக்கிகள் உடற்பகுதியினுள் வைக்கப்பட்டு, எஞ்சின்களிலிருந்து குழாய்வழியே வரும் சூடான அழுத்தக் காற்றால் மிகுந்த வேகத்திற் சுழற்றப்பட்டன. 1956 பெப்ரவரியிற் கலிபோர்ணியாவில் பி-52பி விமானமொன்று வானிலே தீப்பற்றி விழுந்தமைக்கு இத்தகைய மின்பிறப்பாக்கியொன்றின் குறையே காரணமெனக் கொள்ளப்பட்டது. எப் வகையில் மின்பிறப்பாக்கிகள் எஞ்சினோடு நேரே இணைக்கப்பட்டன, எஞ்சினுறை புடைத்தது. ஆர்வலன் அடையாளமாகக் குறித்துக்கொள்ளும் அப்புடைப்பு பொறியாளனுக்கு முந்திய விபத்தொன்றின் நினைவாகும்.

இதற்கு எதிரான உதாரணமும் உண்டு. வியட்நாம் யுத்தத்தின்பொருட்டு 1965இன் இறுதியிலிருந்து பி-52டி விமானங்களின் உள்ளறை திருத்தியமைக்கப்பட்டது. முன்பு 27 குண்டுகளை ஏற்ற இவ்வறை, திருத்தத்தின்பின் 500 இறாத்தல் குண்டுகள் 84ஐ ஏற்றது. இறக்கைகளின்கீழ் மேலும் 24 தொங்கவிடப்பட்டன. விமானத்தின் வெளியுருவில் இம்மாற்றத்தாற் குறிப்பிடத்தக்க வேறுபாடெதுவும் ஏற்படவில்லை, பெயரெழுத்தும் மாறவில்லை. வியட்நாமின் வயல்களிலும் காடுகளிலும் வாழ்ந்தோர்க்கு அதன் வேறுபாடு மிகப் பெரிது. உருவம் மாறாது தொழில் மாறுதல் கூடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று தேவையில்லை.

பெயரும் உருவும் முரண்படுதலும் நிகழ்ந்தது. பி-47 விமானம் விச்சிற்றா, தல்சா, மரியெற்றா ஆகிய மூன்றிடங்களில் வெவ்வேறு நிறுவனங்களாற் கட்டப்பட்டது. முதற்கட்ட பி வகை விமானங்கள் பல, பின்னர் ஈ வகையின் தரத்துக்கு உயர்த்தப்பட்டு, ‘பி-47பி-II’ என வழங்கின. அமைப்பிற் புதியது, பெயரிற் பழையது என்னும் இத்தகைய விமானத்துக்கு எந்தக் கையேட்டைப் புரட்டுவது? ஒவ்வொரு விமானத்துக்கும் தொடரிலக்கமும், அது கட்டப்பட்ட தொகுதியையும் ஆலையையும் காட்டும் குறியும், அதில் நிறைவேற்றப்பட்ட மாற்றக் கட்டளைகளின் பதிவேடும் இருந்தமை இக்காரணத்தினாலேயாம். அப்பதிவேடே விமானத்தின் உண்மையான பெயரெனினும் தகும்.

உலோக அயர்ச்சி

பதிவேட்டிலும் அடங்காத மாற்றமொன்று உண்டு. உலோகம் மீண்டும் மீண்டும் வளைந்து நிமிர்வதனாற் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்கள் தோன்றிப் பெருகுதலே உலோக அயர்ச்சி எனப்படும். விண்ணுயரத்திற் பறப்பதற்கென வகுக்கப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள், றேடாருக்கும் தரையிலிருந்து எழும் ஏவுகணைக்கும் தப்பும்பொருட்டு, 1950களின் பிற்பகுதியிலிருந்து தாழப் பறக்கப் பணிக்கப்பட்டன. தரையை அண்டிய காற்றோ கொந்தளிப்பு மிக்கது. அது இறக்கைகளை ஓயாது வளைத்தது.

1958 மார்ச் மாதத்தில் ஒரே நாளில் இரண்டு பி-47 விமானங்கள் இறக்கை முறிந்து வீழ்ந்தன. தொடர்ந்து வேறு விபத்துக்களும் நிகழ்ந்தன. இறக்கையை உடலோடு பிணைக்கும் பெரிய ஆணிகள் பாற்போத்தலின் வடிவின. ஆதலால் அவ்விணைப்புக்களைச் சோதித்து வலுப்படுத்துவதற்காக மேற்கொள்ளப்பட்ட பெருந்திட்டம் ‘பாற்போத்தல்’ என்றே பெயர் பெற்றது. அது விமானத் தொகுதி முழுவதையும் தழுவியது.

பிரித்தானியாவில் இதன் விளைவு இன்னும் கடுமையாக இருந்தது. வலியன்ற், வல்கன், விக்ரர் என்னும் மூவகை அணுகுண்டு விமானங்களுள் முதலாவதான வலியன்ற் தாழப்பறக்கும் பணிக்கு மாற்றப்பட்ட சிறிது காலத்துள், 1964 ஓகஸ்டில், ஒரு விமானத்தின் இறக்கையின் பின்னுத்திரம் பறக்கும்போதே முறிந்தது. விமானம் தப்பித் தரையிறங்கியது. ஏனையவற்றைச் சோதித்தபோது அவற்றுட் பலவற்றிலும் வெடிப்புக்கள் காணப்பட்டன. 1965 சனவரியில் அவ்வகை முழுவதும் சேவையிலிருந்து நீக்கப்பட்டது. வெளியிலிருந்து நோக்கிய எவரும் அவற்றின் வலிமையிலே குறைவு கண்டிருக்க முடியாது.

அமெரிக்காவிலும் 1964 சனவரி 10ஆம் திகதி, தாழப்பறத்தலால் ஏற்படும் தாக்கத்தை அளக்கவென்றே கருவிகள் பொருத்திச் சென்ற பி-52எச் விமானமொன்று, கொலராடோ மலைப்பகுதியின் காற்றுச் சுழலில் அகப்பட்டுத் தன் வாற்செட்டையின் பெரும்பகுதியை இழந்தது. அந்நிலையிலும் பல மணிநேரம் பறந்து ஆர்க்கன்சோவிலுள்ள தளமொன்றில் அது பத்திரமாக இறங்கியது. செட்டையைக் கொண்டு வகையறியும் முறைக்கு அன்று அவ்விமானம் அகப்பட்டிராது. பழுதுபார்க்கப்பட்ட அதே விமானம் 2008 வரை சேவையில் இருந்தது.

முன்னைய திருத்தங்கள் எதிர்பாராத காலத்தில் உதவுவதுமுண்டு. 1982இற் போக்லண்ட் தீவுகளை நோக்கி நெடுந்தூரம் செல்ல வல்கன் விமானங்கள் தெரிவு செய்யப்பட்டபோது, வெளித்தோற்றத்தில் ஒத்த பலவற்றுள்ளே வலிமை மிக்க எஞ்சின்களையும், 1962இற் கைவிடப்பட்ட ‘ஸ்கைபோல்ற்’ ஏவுகணைக்கென இறக்கையில் அமைக்கப்பட்டிருந்த பிணைப்புக்களையும் உடையவையே பொறுக்கியெடுக்கப்பட்டன. இருபதாண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட திட்டமொன்றின் எச்சம், விமானத்தின் பதிவேட்டை அறிந்தவர்களாற் கண்டெடுக்கப்பட்டது.

வெளித்தெரியும் வேறுபாடு

இவ்வாறு உள்ளே இருப்பது வெளியே தெரியாமை பொறியாளனுக்குத் தொல்லையாகவும், எதிரிக்கு அச்சமாகவும் இருந்தது. 1970களில் இரு வல்லரசுகளும் ஆயுதங்களை எண்ணி வரையறுக்க முனைந்தபோது, இத்தொல்லையும் அச்சமும் ஒரே மேசைக்கு வந்தன. 1979 யூன் 18ஆம் திகதி வியன்னாவிற் கைச்சாத்தான ‘சால்ட்-2’ உடன்படிக்கை, சாதாரண குண்டுவீச்சு விமானத்தையும் நெடுந்தூரக் குரூஸ் ஏவுகணை தாங்கும் குண்டுவீச்சு விமானத்தையும் வெவ்வேறாக எண்ணியது. பின்னது, பலமுனை ஏவுகணைகளோடு சேர்த்து 1,320 என்ற எல்லைக்குள் அடங்கவேண்டும். ஆனால் இரண்டும் ஒரே பி-52 ஆயின், மேலே சுற்றும் செய்மதி அவற்றை எங்ஙனம் பிரிக்கும்?

உடன்படிக்கை இதற்குக் கண்ட வழி, விமானத்தின் தொழிலோடு தொடர்புடைய, வெளியே காணத்தக்க வேறுபாடு என்னும் கோட்பாடாகும். குரூஸ் ஏவுகணை தாங்கும் பி-52ஜி விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பு உடலோடு சேருமிடத்தில் வளைவான சிறு மூடுபகுதியொன்று பொருத்தப்பட்டது. எதிரியின் செய்மதி அதனைக் கண்டு எண்ணவேண்டும் என்பதே அதன் பயன். போர்விமானமொன்றின் உறுப்பு எதிரியின் கண்ணுக்காகவே ஆக்கப்பட்டமை வரலாற்றிற் புதுமையாகும். மறைத்தலையே மரபாகக் கொண்ட இராணுவம், ஈண்டுக் காட்டுதலைக் கடமையாக ஏற்றது.

சோவியத் தரப்பிலும் இத்தகைய பாகுபாடுகள் எழுந்தன. எரிபொருள் ஊட்டுதற்குப் பயன்பட்ட 31 மியாசீஷ்செவ் விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து கண்ணால் வேறுபிரிக்கத்தக்கனவாக அமைக்கப்படவேண்டும் என விதிக்கப்பட்டது. நீர்மூழ்கிகளைத் தேடும் தூ-142, தூ-95இன் வழிவந்ததாயினும், அன்றிருந்த அமைப்பில் வேறு வகையென ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆயினும் 1980களிற் குரூஸ் ஏவுகணை தாங்கவென எழுந்த தூ-95எம்எஸ், அதே தூ-142இன் உடலமைப்பிலிருந்தே உருவாயிற்று. வேறென்று ஒதுக்கப்பட்ட கிளை மீண்டும் மரத்தோடு சேர்ந்துகொண்டது.

தூ-22எம் விமானம் இன்னுங் கடினமான வழக்கு. அதன் பெயர் பழைய தூ-22இன் திருத்தமென்று சொல்லிற்று. உருவமோ புதிய விமானமென்றது. மேற்குலகில் அது நீண்டகாலம் தூ-26 என்றே எழுதப்பட்டது. அதன் மூக்கிலிருந்த எரிபொருள் ஏற்குங் குழாய், அதனைக் கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் விமானமாக்குமா என்பது வாதத்துக்குரியதாயிற்று. அத்தகைய ஆற்றலை அதற்கு அளிப்பதில்லை எனப் பிரெஸ்னேவ் எழுத்துமூலம் உறுதியளித்தார். குழாயும் பின்னர் அகற்றப்பட்டது. ஒரு குழாயின் இருப்பும் இன்மையும் இரு வல்லரசுகளின் பேச்சுவார்த்தையில் இடம்பெற்றமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

‘சால்ட்-2’ முறைப்படி ஏற்புறுதி பெறவில்லை. எனினும் இரு தரப்பும் பொதுவாக அதனை அனுசரித்தன. 1986 நவம்பரில் 131ஆவது பி-52 விமானம் குரூஸ் ஏவுகணை தாங்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டபோது, அமெரிக்கா அவ்வெல்லையைத் தாண்டியது. தாண்டிய கணத்தை உலகம் ஒரு விமானத்தின் கணக்கிற் சொல்ல முடிந்ததே, வகையறிதல் எவ்வளவு துல்லியமாகிவிட்டது என்பதற்குச் சான்றாகும்.

முடிவுரை

1991இற் கைச்சாத்தான ‘ஸ்ரார்ட்’ உடன்படிக்கையின்படி, 365 பி-52 விமானங்கள் அரிசோனாப் பாலைநிலத்திலுள்ள டேவிஸ்-மொன்தன் தளத்தில் அழிக்கப்பட்டன. பாரந்தூக்கியால் உயர்த்தி விடப்பட்ட 13,000 இறாத்தல் எடையுள்ள எஃகு வாள் ஒவ்வொரு விமானத்தையும் துண்டாக்கியது. துண்டுகள் செய்மதிகள் பார்க்கும்பொருட்டு வெட்டவெளியிற் கிடந்தன. நாற்பதாண்டுகளுக்கு முன் மொஸ்கோ வானில் விமானங்களைப் பெருக்கிக் காட்டிய அதே பார்வையாளர்–பார்க்கப்படுபவர் உறவு, இப்போது குறைத்தலை மெய்ப்பிப்பதற்குப் பயன்பட்டது.

எஞ்சிய எச் வகை விமானங்களின் கதை வேறு. பாலைநிலத்தில் ஓய்ந்திருந்த 61-0007 என்ற இலக்கமுடைய விமானம் 2015இலும், 60-0034 அதன்பின் சில ஆண்டுகளிலும், இழந்த விமானங்களின் இடத்தை நிரப்பவென மீண்டும் பறக்கவைக்கப்பட்டன. இவ்வெண்களின் முற்பகுதி, விமானம் எந்த நிதியாண்டின் ஒதுக்கீட்டிற் கட்டப்பட்டதென்பதைக் காட்டுவது. அறுபதாண்டு மூத்த உடலுக்குப் புதிய எஞ்சின்களைப் பொருத்துவதற்கான ஒப்பந்தம் 2021இற் செய்யப்பட்டது. அவ்வாறு மாற்றப்படும் விமானத்துக்கு பி-52ஜே என்ற பெயர் தெரிந்தெடுக்கப்பட்டது. 1962இல் எச் எழுத்தோடு முற்றுப்பெற்றதெனக் கருதப்பட்ட நிரல், ஆலையிற் புதிதாக விமானமெதுவும் கட்டப்படாமலே, பழுதுபார்ப்பவர் கையால் நீள்கின்றது.

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். வகை என்பது ஆலையிற் பிறக்கும்போது விமானத்தின்மேல் எழுதப்பட்டு நிலைத்துவிடும் பெயரன்று. அது பராமரிப்பால் ஓயாது மாறுவது. அம்மாற்றத்தை அறிந்தவனிடமே அதன் உண்மை தங்கியுள்ளது. அவ்வறிவு ஒரு சாராரிடம் மட்டும் மறைந்திருந்த காலத்தில், 1955இற் போல, அச்சம் கணக்கை எழுதியது. எதிரியும் காணும்படி வேறுபாட்டை விமானத்தின் உடலிலேயே வெளிப்படுத்த இரு தரப்பும் இணங்கிய காலத்திலே தான், கணக்கு அச்சத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. இறக்கையடியிற் பொருத்தப்பட்ட அச்சிறு வளைவு எந்தக் குண்டையும் தாங்கவில்லை. எனினும், போருக்குப் பிந்திய குண்டுவீச்சு விமானங்களின் வரலாற்றிற் சமாதானத்துக்குத் துணைபுரிந்த உறுப்பு எதுவென ஒருவன் வினவின், அதனையே சுட்டுதல் பொருந்தும்.